தந்தியில் கரண்ட்: பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கான எர்த் வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. பின்னேரம் பெய்த மழையில் மேடைப் பலகை ஊறிப்போயிருந்தது. பேஸை அம்ப்பில் சொருகி, இடது கை தந்திமேல் இருக்க, கோரஸ் மைக்கைச் சரிபார்க்கக் குனிந்தேன். உதடு மைக் வலையில் பட்டதும் நீலமாக ஒரு பொறி. மேற்பல் வரைக்கும் இடித்தது. தலை தானாகப் பின்னால் போனதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

“ஒண்ணும் பயப்படாதீங்க தம்பி, லேசா எர்த் அடிக்கும். செருப்பக் கழட்டாம வாசிங்க” என்றார் சவுண்ட் செட்டுக்காரர். நல்ல மனுஷன். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் “எர்த் அடிக்குது” என்ற அந்தப் பேச்சே தப்பு. எர்த் என்பது கசியும் கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர். அது அடிப்பதில்லை. இருக்கவேண்டிய இடத்தில் எர்த் இல்லாததால்தான் கரண்ட் நம்மை வழியாக எடுத்துக்கொள்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று கோயில் மேடையிலும் தேவாலயத்திலும் கல்யாண வீட்டிலும் வாசிக்கிற பொடியன்களிடம் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அதைக் கண்டுபிடிக்கும் வழிதான்.

பேஸுக்குள் என்ன இருக்கிறது

பேஸ் கிட்டாருக்குள் ஆளைக் கொல்லும் கரண்ட் எதுவும் இல்லை. தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்அப் உண்டாக்குவது ஏறக்குறைய ஒரு வோல்ட்தான். ஆக்டிவ் பேஸில் இருப்பது 9 வோல்ட் பற்றரி. ஆனால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய வயர், வால்யூம் குமிழுக்கு உள்ளே இருக்கும் பொட்டின் முதுகுக்குப் போகிறது. அங்கிருந்து ஜெக், ஜெக்கிலிருந்து கேபிளின் வெளிச்சுற்று, அதிலிருந்து அம்ப்பின் இரும்புச் சேஸி (உட்சட்டம்), சேஸியிலிருந்து பிளக்கின் மேல்முனை, கடைசியாக மண்ணில் அடித்த எர்த் கம்பி. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இந்த இணைப்பால்தான். அது பழுதல்ல, பேஸ் சரியாக இருப்பதன் அடையாளம்.

ஆகவே உங்கள் விரல் எப்போதும் அம்ப்பின் சேஸியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. சேஸி மண்ணோடு சேர்ந்திருந்தால் தந்தியும் மண். சேஸியில் கரண்ட் ஏறினால் தந்தியும் கரண்ட். மறுபக்கம் மைக்கின் வலை, மிக்சர் வழியாக வேறொரு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. கையில் தந்தி, உதட்டில் மைக் என்றால் நடுவில் இருப்பது நெஞ்சு.

ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3ஆம் திகதி வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் மேடையிலேயே இறந்தது இந்த வழியில்தான். ஒரு கையில் தந்தி, தொட்டது எர்த் இல்லாத மைக். நான்கு வருடம் கழித்து, 1976 மே மாதம், யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டில் எர்த் சரியில்லாத மின்கிட்டாரோடு இருந்தபோது உயிரிழந்தார்.

கணக்கையும் பாருங்கள். ஒரு மில்லியம்பியர் சுறுசுறுவென்று தெரியும். பத்தைத் தாண்டினால் பிடித்த கை விடாது. முப்பதுக்கு மேல் இதயத் துடிப்பையே குலைக்கலாம். வேர்த்த கையும் நனைந்த உதடுமாக இருக்கும் உடம்பின் தடையை 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட் தள்ளுவது 230 மில்லியம்பியர்.

முதலில்: எந்த வகை அடி?

ஒரே ஒரு “டப்”, அதன்பின் எதுவுமில்லை என்றால் அநேகமாக அது உராய்வு மின்சாரம். தை, மாசியில் பனிக்காற்று காயும் இரவுகளில் நைலோன் ஜெர்சி போட்டு வாசிக்கும்போது வரும். பயமில்லை.

தொட்டுக்கொண்டிருக்கும்வரை எறும்பு ஊர்வதுபோல் நடுங்கிக்கொண்டே இருந்தால் அது மெயின்ஸிலிருந்து கசிவது. கை உதறி எறிந்தால் அது கசிவைத் தாண்டிவிட்டது. இரண்டிலும் செய்யவேண்டியது ஒன்று: வாசிப்பை நிறுத்துங்கள். ஜெக்கைப் பிடுங்க வேண்டாம், அம்ப்பின் முகப்பையும் தொட வேண்டாம். சுவரிலுள்ள சுவிட்ச்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே மற்ற வேலை.

சொக்கெட்டைச் சோதிப்பது

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 13 அம்பியர் சதுரமுனை சொக்கெட்டை நேரே பார்த்தால் மேலே எர்த், கீழே வலப்பக்கம் லைவ் (கரண்ட் வரும் வயர்), இடப்பக்கம் நியூட்ரல் (அது திரும்பும் வயர்). பழைய லயங்களிலும் கோயில் மடங்களிலும் 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டைமுனை சொக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன.

டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் எல்லார் பையிலும் உண்டு. அது எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை. எர்த் இருக்கிறதா என்று சொல்ல அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ஒரு செட் தந்தி வாங்கும் காசுக்குள் சாதாரண மீட்டர் வந்துவிடும். ஆனால் அதன் வயர்களில் உறை கிழிந்திருக்கக்கூடாது.

மீட்டரை ஏசி வோல்ட்டின் மிக உயர்ந்த அளவில் வையுங்கள். முனைகளின் உலோகத்தில் விரல் படக்கூடாது. லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230ஐ ஒட்டி வரவேண்டும். லைவுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் ஓரிரு வோல்ட். லைவுக்கும் எர்த்துக்கும் இடையில் 80, 110 என்று நிலையில்லாமல் ஆடினால் எர்த் வயர் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

230 வந்துவிட்டால் எர்த் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். பலர் தவறும் இடம் இதுதான், நானும் பல வருடம் தவறினேன். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகச் சொற்பம். துருப்பிடித்து ஆயிரக்கணக்கான ஓம் தடையோடு கிடக்கும் எர்த் கம்பியும் மீட்டருக்கு 230 காட்டும். உண்மையான கசிவு வரும்போது அது தாங்காது.

இலங்கையில் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் எர்த் கம்பிதான். அதை அடிக்கிற நம் மண் எப்படிப்பட்டது? பல இடங்களில் கொஞ்ச மண்ணுக்குக் கீழே பாறை. மழைக்காலத்தில் ஈரமாக இருக்கும். வெயில் மாதங்களில் கம்பியைச் சுற்றிக் காய்ந்து வெடிக்கும். எர்த்தின் தடை 100 ஓம் என்று வைப்போம். அம்ப்பின் சேஸியில் லைவ் வயர் பட்டால் மண்ணுக்குப் போவது 2.3 அம்பியர் மட்டும். பிளக்கில் இருக்கும் 13 அம்பியர் ஃபியூஸ் அசையாது. எர்த் வயர் பூட்டியிருந்தும் சேஸி கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டோடு நின்றுகொண்டிருக்கும்.

அந்த இடத்தில் உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். 30 மில்லியம்பியர் கசிந்ததுமே விழும், அதாவது கரண்ட்டைத் தானே துண்டிக்கும் வகை அது. அதே 100 ஓம் எர்த்தில் 30 மில்லியம்பியர் ஓடும்போது சேஸியில் ஏறியிருப்பது வெறும் 3 வோல்ட். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அதன் சோதனைப் பட்டனை அழுத்தினால் விழவேண்டும். விழாவிட்டால் அந்த இடத்தில் வாசிக்காதீர்கள். பட்டன் சோதிப்பது ட்ரிப் சுவிட்ச்சை மட்டுமே, எர்த் கம்பியை அல்ல. எர்த்தை அளக்க எலக்ட்ரீஷியனிடம் தனிக் கருவி உண்டு. நிரந்தரமாக நிகழ்ச்சி நடக்கும் கோயில், தேவாலயம், மண்டபம் என்றால் நிர்வாகத்திடம் சொல்லி வருடத்துக்கு ஒருமுறை, முக்கியமாகக் காய்ந்த மாதத்தில், அளக்கச் சொல்லுங்கள்.

பிளக்கும் எக்ஸ்டென்ஷனும்

நான் பார்த்த ஷொக்குகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறந்தன.

அந்தத் திருவிழா இரவு, செட் கழற்றிய பிறகு எனக்கு வந்த எக்ஸ்டென்ஷன் வயரின் பிளக்கைத் திறந்து பார்த்தேன். வெளியே பார்க்க மூன்று முனை, மறுபக்கம் மூன்று துளை. உள்ளே இரண்டே வயர். மேல்முனையின் பித்தளைத் திருகாணி கடையில் வாங்கிய நாள் மாதிரியே பளபளவென்று இருந்தது, ஒருமுறைகூடத் திருப்பப்படவில்லை. மறுநாள் அம்ப்பைத் திறந்தேன். மெயின்ஸ் வயர் சேஸிக்குள் நுழையும் துளையில் இருந்த ரப்பர் வளையம் வெயிலிலும் பனியிலும் உதிர்ந்து போயிருந்தது. தகரத்தின் விளிம்பு வருடக்கணக்காக உரசி, பிரவுன் வயரின் உறையை அறுத்திருந்தது. ஈரம் ஏறியதும் கசிய அது போதும். இரண்டு பழுதும் தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. சேர்ந்த இரவில் என் உதட்டில் தெரிந்தது.

எல்லாப் பிளக்கையும் திறந்து பாருங்கள். பச்சை–மஞ்சள் வயர் மேல்முனைக்கு, பிரவுன் ஃபியூஸ் பக்கத்துக்கு, நீலம் மற்றதற்கு. பழைய வயர் என்றால் பச்சை, சிவப்பு, கறுப்பு. எர்த் வயர் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். யாராவது காலில் இடறி இழுத்தாலும் கடைசியாகக் கழல்வது அதுவாக இருக்கும்.

பிறகு, எதையும் மின்சாரத்தோடு சேர்க்காமல், மீட்டரை ஓமில் வைத்து பிளக்கின் மேல்முனைக்கும் அம்ப் சேஸியின் பெயின்ட் இல்லாத திருகாணிக்கும் இடையில் அளங்கள். 1 ஓமுக்குக் கீழே வரவேண்டும். எக்ஸ்டென்ஷனையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அப்படியே. டூ-கோர் வயரில் (உள்ளே இரண்டே வயர் உள்ளது) செய்த எக்ஸ்டென்ஷனை மேடைக்குக் கொண்டுவராதீர்கள், மின்குமிழ் அலங்காரத்துக்கு மிஞ்சியதாக இருந்தாலும் சரி.

நம்மிடம் உள்ள ஒரு பழக்கத்தையும் விடவேண்டும். இரண்டுமுனை பிளக்கைச் சொருக, பேனா மூடியை எர்த் துளைக்குள் விட்டு, மற்ற இரண்டு துளைகளையும் மறைத்திருக்கும் தடுப்பைத் திறப்பது. பிளக்கே இல்லாமல் வயர் நுனிகளைச் செருகி நெருப்புக்குச்சியால் இறுக்குவது. அவசரத்துக்கு என்று தொடங்கி வருடக்கணக்காக நடக்கிறது. எர்த் வேண்டிய அம்ப்பை இப்படிச் சொருகினால் அந்தப் பேனா மூடி இருக்கும் இடத்தில்தான் உங்கள் பாதுகாப்பு இருந்திருக்கவேண்டும்.

பேஸைச் சோதிப்பது

இது சின்ன வேலை. கேபிளைப் பேஸில் மட்டும் சொருகி, மறுமுனை ஜெக்கின் நீளமான தண்டுப்பகுதிக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் ஓம் அளங்கள். 2 ஓமுக்குள் வந்தால் நல்லது. எதுவும் காட்டாவிட்டால் பிரிட்ஜ் வயர் விட்டுப்போயிருக்கிறது. இரைச்சல் கூடும், ஆனால் ஷொக்குக்கு அது காரணமல்ல. பிரிட்ஜின் திருகாணிகளைக் கழற்றி, வயரின் செம்பு நுனியைத் தட்டையாக விரித்து அடியில் வைத்து இறுக்குங்கள். பொட்டின் முதுகில் விட்டிருந்தால் அந்த இடத்தை அரத்தாளால் தேய்த்து, 40 வாட் சோல்டரிங் அயனால் ஈயம் வையுங்கள். நுவரெலியாப் பக்கத்துப் பனியில் ஜெக்கில் பச்சைக் களிம்பு பிடிக்கும், அதையும் துடைத்துவிடுங்கள்.

“பிரிட்ஜ் வயர வெட்டிட்டா ஷொக் அடிக்காதுண்ணே” என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டாதீர்கள். தந்தி விடுபட்டாலும் உலோகக் குமிழும் ஜெக் தட்டும் அதே சேஸியோடுதான் இருக்கும், பழுதும் அம்ப்பில் அப்படியே இருக்கும். ஈஎம்ஜி ஆக்டிவ் பிக்அப் போட்ட பேஸ் மட்டும் வேறு. அவற்றுக்குத் தந்தியை எர்த் செய்ய வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். சிலர் பிரிட்ஜ் வயரின் நடுவே 2,20,000 ஓம் தடை ஒன்றை வைப்பார்கள், இரைச்சலுக்காக அதோடு சேர்த்து ஒரு சிறு கப்பாசிட்டரும். 230 வோல்ட் வந்தாலும் தந்தி வழியாகப் போவது ஏறக்குறைய ஒரு மில்லியம்பியர்தான். நல்ல யோசனை, ஆனால் இரண்டாவது வேலி. எர்த்துக்குப் பதிலாகாது.

தந்திக்கும் மைக்குக்கும் இடையில்

மேடையில் எல்லாம் சொருகி, ஒலியைப் பூச்சியத்தில் வைத்து, பேஸை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மீட்டர் ஏசி வோல்ட்டில். ஒரு முனை பிரிட்ஜில், மறுமுனை மைக் வலையில். இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிடம் போகும். நான் இப்போது இதைச் செய்யாமல் எந்த மேடையிலும் வாயை மைக் கிட்டே கொண்டுபோவதில்லை.

2 வோல்ட்டுக்குள் என்றால் வாசிப்பேன். அதற்குமேல் போனால் காரணம் தேடுவேன். 30ஐத் தாண்டினால் மேடையில் யாரும் எதையும் தொடக்கூடாது.

தேடுவதென்றால், ஒவ்வொரு சாதனமாகச் சுவரில் அணைத்துக் கழற்றி மறுபடி அளப்பதுதான். கீபோர்ட் அடப்டரோ லெப்டொப் சார்ஜரோ கழன்றதும் 100ஐ ஒட்டி நின்ற அளவு விழுந்துவிட்டால், அது இரண்டுமுனை அடப்டரின் வடிகட்டிக் கப்பாசிட்டர் வழியாக வரும் சிறு கசிவு. சுறுசுறுக்கும், வழமையாக அதற்கு மேல் போகாது. மிக்சருக்கு நல்ல எர்த் கொடுத்தால் அடங்கும். அம்ப்பைக் கழற்றும்போது 200க்கு மேல் இருந்த அளவு காணாமல் போனால் அம்ப்பில் பழுது. அதைத் திருத்தும்வரை பேஸை மிக்சரில் நேரே கொடுத்து வாசியுங்கள்.

எதைக் கழற்றினாலும் சில வோல்ட் மாறாமல் நின்றால், கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஸ்பீக்கர் செட் கோயில் லைனில் இருக்கும், அம்ப்புக்கு மட்டும் பக்கத்து லயத்து வீட்டு ஜன்னலால் வயர் வந்திருக்கும். இரண்டு இடம், இரண்டு எர்த் கம்பி. ஒன்றில் கசிவு வந்தால் உங்கள் தந்தியும் மைக்கும் இரண்டு வெவ்வேறு மண். மேடை முழுவதற்கும் ஒரே சொக்கெட்டிலிருந்து, ஒரே ட்ரிப் சுவிட்ச் வழியாக, ஒரே மூன்று-கோர் வயரில் கரண்ட் எடுங்கள். நாங்கள் பலகையொன்றில் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச்சும் ஆறு சொக்கெட்டும் பூட்டி வைத்திருக்கிறோம். ஒரு பேஸ் கேபிளைவிட அதைத்தான் பத்திரமாகக் கொண்டுபோவோம்.

எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்ததும் “ம்ம்” என்ற இரைச்சல் வரலாம். அதற்காகப் பிளக்கின் எர்த்தைக் கழற்றாதீர்கள். அம்ப்புக்கும் மிக்சருக்கும் நடுவே டிஐ பெட்டி (சிக்னலை மிக்சருக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் சிறு பெட்டி) வைத்து, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்சைப் போடுங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் விடுவிக்கும், பிளக்கின் எர்த்தைத் தொடாது.

தெரியாத இடத்தில் கட்டாயம் வாசிக்கவேண்டி வந்தால் வயர்லெஸ் போடுங்கள். இடுப்பில் பற்றரி, நடுவில் வயரே இல்லை. அதுவும் இல்லையென்றால் மைக்குக்குக் காய்ந்த ஸ்பொஞ்ச் உறை, காலுக்கு ரப்பர் செருப்பு. எச்சிலில் நனைந்த ஸ்பொஞ்ச்சை நம்பக்கூடாது.

ஜெனரேட்டர், இடி

சிறு பெற்றோல் ஜெனரேட்டர்களில் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்படாமல் மிதக்கும். அப்போது சேஸியில் லைவ் பட்டு மண்ணுக்குக் கசிந்தாலும் ட்ரிப் சுவிட்ச் விழாது. ஆனால் சோதனைப் பட்டனை அழுத்தினால் விழும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. நியூட்ரலை ஜெனரேட்டரில் ஒரே இடத்தில் எர்த்தோடு சேர்த்து, எர்த் கம்பி அடித்து, அதன்பின் ட்ரிப் சுவிட்ச் வைக்கவேண்டும். இதை எலக்ட்ரீஷியன்தான் செய்யவேண்டும். அதே ஜெனரேட்டரை வீட்டு லைனோடு சேர்க்கவே கூடாது.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். ட்ரிப் சுவிட்ச் மின்னலைத் தடுக்காது.

யாராவது பிடிபட்டால்

ஆளைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் பேஸையோ மைக்கையோ தட்டி விடுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். இன்னொருவர் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்து “சரியாயிருச்சு” என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இதயத் துடிப்பைப் பார்க்கவேண்டும்.

தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி ஒரு மணித்தியாலத் தூரம் இருக்கலாம், மெயின் சுவிட்ச் இருபதடி தூரத்தில்தான் இருக்கும். எங்கள் கோஷ்டியில் அந்தப் பொறுப்பு டிரம்ஸ் வாசிக்கிற தம்பியுடையது. சாமான் இறக்கியதும் அவன் முதலில் போய் மெயின் எங்கே என்று பார்த்துவிட்டு வருவான். அறை பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று விசாரித்து, அவரைக் கையோடு அழைத்துவந்து மேடைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பான்.